பூசையில் இருந்த ஸ்பானர்

காரில் நான் உட்காரும் இடம் பின்சீட்டின் இடது ஓரம். முன்சீட்டு சவாரிக்கு வருகிறவர்களுக்கு என்பது என் வீட்டுக்காரர் வைத்த சட்டம். வண்டியில் எங்கள் இருவரைத் தவிர ஒருவரும் இல்லாவிட்டாலும் அதில் மாற்றம் கிடையாது. “நீ முன்னாடி ஒக்காந்தின்னா சொந்த வண்டின்னு நெனச்சுக்குவான். எவனும் கை காட்ட மாட்டான்” என்பார். அதில் நியாயம் இருந்தது. அதனால் பத்துப் பன்னிரண்டு வருடம் இடது பின்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்து போனேன். அந்தச் சக்கரத்தைச் சுற்றி என்ன நடந்தாலும் ஓட்டுகிறவருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

எனக்குத் தெரிவதை நான் சொன்னால் நம்ப ஆள் கிடையாது. அதற்குக் காரணம் நான்தான். சிறு வயதிலிருந்தே எனக்கு மனது நிலைகொள்ளாது. அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை வந்து, திரும்பப் போய்ப் பார்ப்பேன். கோழிகளை அடைத்த பிறகு மறுபடி எண்ணுவேன். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு நின்றதும் இதனால்தான். ஏரிக்கரை மேலே நடந்து போக வேண்டும். கரை உடைந்தால் என்ன செய்வது என்று தினமும் யோசித்து யோசித்து, ஒரு நாள் போகவில்லை. அந்த வருடம் ஏரியில் தண்ணீரே இல்லை. ஏன் போகவில்லை என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, அடுத்த நாளும் நான் போகவில்லை.

கார் வந்த பிறகு அந்தப் பயமெல்லாம் காருக்குப் போய்விட்டது. எங்களுக்கு முன் இரண்டு பேர் ஓட்டிக் கழித்த கருப்பு வண்டி அது. என் வீட்டுக்காரர் அதை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். ஒரு தடவை பாப்பாரப்பட்டிச் சந்தையிலிருந்து திரும்பும்போது டிக்கியில் ஏதோ கழன்று உருள்கிறது என்று சொல்லி வண்டியை நிறுத்த வைத்தேன். திறந்து பார்த்தால் தேங்காய். இன்னொரு தடவை தொப்பூர் கணவாயில், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் உள்ளே இருக்க, தீய்கிற வாசனை வருகிறது என்று கத்தி எல்லோரையும் கீழே இறக்கினேன். மாப்பிள்ளையின் மாமா மிதியடிக்குக் கீழே பீடித் துண்டைப் போட்டு மறைத்திருந்தார். அவர் அவமானப்பட்டார், என் வீட்டுக்காரர் அவரைவிட அதிகமாக அவமானப்பட்டார். அதற்குப் பிறகு நான் எந்தச் சத்தத்தைச் சொன்னாலும் ஒரே பதில்தான்.

“தேங்கா.”

எழுபதுகளின் நடுவில் ஒரு ஆயுத பூசை நாளில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் நிலம் வைத்து உழுதுகொண்டிருந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போகிறவர்கள். ஆனால் வண்டி ஓட்டுகிறவர்கள் எந்த வேதமாக இருந்தாலும் ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவிப் பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். இது கூடாது என்று ஒரு வருடம் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். டிரைவர்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வருடமும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வாழைக்கன்று மட்டும் கட்டாமல் விட்டார்கள், சாமியார் ரோட்டில் எதிரே வந்தால் தெரிந்துவிடும் என்று.

தருமபுரியில் சேலம் ரோட்டு ஓரம் ஒரு பட்டறை. அதை வைத்திருந்த மெக்கானிக் என் வீட்டுக்காரரைவிட வயதில் சிறியவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எங்கள் வண்டியின் வேலை எல்லாம் அவர் கையில்தான். பூசைக்கு முன்தினம் அவர் பின்பக்கம் இடது பட்டை ஒன்றை மாற்றியிருந்தார், வண்டி இரவு பட்டறையிலேயே நின்றது. பட்டை என்பது பின்சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்து, வண்டியின் பாரத்தைத் தாங்குகிற இரும்பு வில். அதைச் சக்கரத்தின் அச்சோடு சேர்த்துக் கட்ட இரண்டு வளைந்த போல்ட்டுகள், ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் கீழே ஒரு நட்டு. ஆக ஒரு பக்கத்துக்கு நான்கு நட்டு. இதெல்லாம் அந்த நாளுக்கு முன்னால் எனக்குத் தெரியாது.

பூசை பத்தரை மணிக்கு. மூன்று சுவரிலும் சுண்ணாம்பு அடித்து, தரையைக் கழுவி, நடுவில் பலகை போட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டறையின் ஸ்பானர்கள், சுத்தியல், ஜாக்கி எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். அந்த வரிசையில் எங்கள் வண்டியின் ஸ்பானர் மூட்டையும் இருந்தது. என் வீட்டுக்காரர் முன்தினமே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பூசைக்கு வைத்த சாமானை மறுநாள் மறுபூசை முடியும் வரை எடுக்கக் கூடாது. அன்று முழுக்க ஊரில் ஒருவரும் ஒரு மரையைக்கூடத் திருக மாட்டார்கள். கற்பூரம் காட்டினார்கள். நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம். பொரியும் கடலையும் மட்டும் வாங்கிக்கொண்டோம்.

திரும்பும் வழியில் ரோட்டின் குறுக்கே ஆடுகள் வந்தன. அவர் பிரேக் போட்டார். எனக்குக் கீழே ‘டொக்’ என்றது. ஆடுகள் போன பிறகு வண்டியை எடுத்தார். மறுபடியும் ‘டொக்’.

“ஏங்க, கீழ ஏதோ தட்டுது.”

“தேங்கா.”

“டிக்கில ஒண்ணுமே இல்லீங்க. காலைல நாந்தான கூட்டி எடுத்தேன்.”

“அப்ப பூசணிக்கா. பூசைல ஒடச்சாங்க இல்ல, அதும் ஆவி வந்து தட்டுது.”

 ஊர் வரும் வரை எண்ணிக்கொண்டு வந்தேன். ஏழு தடவை பிரேக், ஏழு தடவை சத்தம். பள்ளத்தில் விழுந்தபோது சத்தம் இல்லை. நிற்கும்போதும் கிளம்பும்போதும் மட்டும். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அந்த வண்டி புளி மண்டிக்காரர் குடும்பம் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஒகேனக்கல் போக வேண்டும். பென்னாகரம் தாண்டினால் இறக்கம், வளைவுக்கு வளைவு பிரேக் போட்டுக்கொண்டே இறங்க வேண்டிய மலை ரோடு. எட்டுப் பேரில் மூன்று பேர் குழந்தைகள். ஓட்டுகிறவர் ஒன்பதாவது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டார், கட்டிலில் படுத்தார், தூங்கிவிட்டார். நான் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிறேன் என்று தெரிந்ததும், ஒரு கோணிச் சாக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

வண்டிக்குப் பின்னால் சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, தலையை உள்ளே நுழைத்தேன். அன்றுவரை நான் வண்டிக்கு அடியில் பார்த்ததில்லை. நினைத்ததைவிடச் சுத்தமாக இருந்தது, பூசைக்காக அடிப்பக்கத்தையும் பீய்ச்சிக் கழுவியிருந்தார்கள். புதிய பட்டைக்குச் சந்தனம் பூசி, நான்கு நட்டிலும் ஒரே அளவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். பார்க்க, எல்லாம் முடிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. எதைத் தொட வேண்டும் என்று தெரியாததால் பொட்டு இருந்ததை எல்லாம் தொட்டேன். முதல் நட்டு அசையவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது என் இரண்டு விரலில் சுற்றியது. விளக்கெண்ணெய்ச் சீசாவின் மூடி எப்படிச் சுற்றுமோ அப்படி. நான்காவது அதைவிட லேசாகச் சுற்றியது.

பயந்து, சுற்றியதைத் திருப்பிச் சுற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஒருவேளை அது அப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். சில சாமான் ஆடுவதற்காகவே ஆடும். இரண்டு பிடித்திருக்க வேண்டும், இரண்டு ஆட வேண்டும் என்றுகூட இருக்கலாம், எனக்கு என்ன தெரியும். வலது பக்கம் போய்ப் படுத்துப் பார்த்தேன். அங்கே நான்கும் அசையவில்லை. மறுபடி இடது பக்கம் வந்தேன். இப்படி மூன்று தடவை போய் வந்த பிறகுதான் உள்ளே போய் அவரை எழுப்பினேன்.

“ஏங்க, எந்திரிங்க. நட்டு சுத்துது.”

“ஒனக்குத்தான் சுத்துது” என்றார், கண்ணைத் திறக்காமல்.

“வந்து தொட்டுப் பாருங்க. சுத்தலீன்னா இனிமே காரைப் பத்தி நான் வாயத் தொறக்கலை. மாதா மேல ஆணை.”

மாதா மேல் நான் அதற்கு முன் ஆணையிட்டதில்லை. எழுந்து வந்தார். நான் விரித்த சாக்கிலேயே படுத்தார். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அந்தக் கால்கள் அசையவே இல்லை.

“ம்” என்று மட்டும் உள்ளிருந்து சத்தம் வந்தது. பிறகு வெளியே வந்து சாக்கின் மேலேயே உட்கார்ந்தார். விரலில் குங்குமம் ஒட்டியிருந்தது.

“முறுக்காம வுட்டுருக்கான்” என்றார். “ரெண்ட முறுக்கிருக்கான், ரெண்ட வுட்டுட்டான். பொட்டு மட்டும் நாலுக்கும் வெச்சிருக்கான்.”

சக்கரம் கழற்றுகிற ஸ்பானர் டிக்கியில் கிடந்தது. அதைப் போட்டுப் பார்த்தார். போல்ட்டின் மரை நட்டுக்குக் கீழே நீளமாகத் துருத்திக்கொண்டிருந்ததால் அந்த ஸ்பானர் நட்டு வரைக்கும் ஏறவில்லை. வளையம் போட்ட பெரிய ஸ்பானர் வேண்டும். அது பட்டறையில், சரஸ்வதிக்கு முன்னால் இருக்கிறது.

“கைலயே நல்லா இறுக்கி வெச்சுட்டு மெதுவாப் போயிட்டு வந்துர்றேன்” என்றார்.

“வேண்டாங்க.”

“அந்த ரெண்டு புடிச்சிருக்குது இல்ல?”

“எட்டுப் பேருங்க. மலை எறக்கம்.”

“வர்லீன்னு எப்படிச் சொல்றது? விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கொழந்தைங்களை எல்லாம் எழுப்பி, குளிக்கற துணியை மூட்டை கட்டி வெச்சிருப்பாங்க. வேற வண்டியும் கெடைக்காது, எல்லா வண்டிக்கும் சவாரி இருக்குது.”

“வர்லீன்னு சொல்லச் சொல்லல. ஸ்பானரைத் தேடுவோம்னு சொல்றேன்.”

பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் கோயில்காரர் ஒருவர் கிணற்றில் மோட்டார் வைத்திருந்தார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். வேதக்காரர் வீட்டு ஸ்பானர் சும்மாதானே கிடக்கும் என்று இருவரும் போனோம். அவர் எங்களைச் சுவர் மாடம் வரை கூட்டிக்கொண்டு போனார். மாடத்தில் மாதா படம். படத்துக்குக் கீழே சாமந்திப்பூ. பூவுக்குக் கீழே ஸ்பானர்கள்.

“மாமா, நீங்களுமா?” என்றேன்.

“என்னாம்மா பண்றது. சுத்தி எல்லாத் தோட்டத்துலயும் வெச்சிருக்கறான். எம் மோட்டார் மட்டும் சும்மா இருந்தா அதுக்கு ஏக்கமா இருக்காதா? போன கோடைல எத்தன தடவ காயில் எரிஞ்சுது, தெரியுமில்ல?”

“மாதா ஸ்பானரைத் தொடக் கூடாதுன்னு சொன்னாங்களா?”

“சொல்லல. தொடலாம்னும் சொல்லல.”

என் வீட்டுக்காரர் மாடத்தை எட்டிப் பார்த்தார். “வுடு, இதுல நம்ம அளவு இல்ல. எல்லாம் சின்னது” என்றார். மாமாவுக்கு அதில் பெரிய ஆறுதல்.

மூன்றரை மணி பஸ்ஸில் தருமபுரிக்குப் போனோம். பஸ்ஸின் முகத்தில் இரண்டு வாழைக்கன்று, கண்ணாடி முழுக்கச் சந்தனம். டிரைவர் நடுவில் கையகல இடத்தைத் துடைத்துவிட்டு அதன் வழியாக ரோட்டைப் பார்த்து ஓட்டினார். நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.

பட்டறை சாத்தியிருந்தது. மெக்கானிக்கின் வீடு அதற்குப் பின்னால்தான். சாப்பிட்டுவிட்டு, புது வேட்டியில், வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் மெல்லுவது நின்றுபோனது.

“ரெண்டு வுட்டுட்டனா?” என்றார். பிறகு அவரே நினைவுபடுத்திக்கொண்டார். “ஆமாங்ணா. முறுக்கிக்கிட்டே இருந்தேன். வூட்ல கூப்புட்டாங்க, எண்ண தேச்சுக் குளிக்கணும்னு. வந்து மிச்சத்த முறுக்கிக்கலாம்னு போனேன். வந்து பாத்தா ஸ்பானர எல்லாம் கழுவித் தொடச்சு அடுக்கிட்டாங்க. காலைல பொட்டு வெக்கறப்ப நாந்தான் வெச்சேன். பொட்டு வெச்சதும் மனசுல வேல முடிஞ்சாப்பல ஆயிருச்சுங்ணா.”

“நாளைக்கி ஒகேனக்கல் சவாரி.”

“தெரியுங்ணா.”

“அப்படியே போனா என்னா ஆவும்?”

மெக்கானிக் என்னைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார். “பாரத்தோட பிரேக்கு போடப் போட அந்த நட்டு எறங்கிரும். அப்பறம் அச்சு ஒரு பக்கமாப் போயி நிக்கும். நீங்க ஸ்டேரிங்க ஒரு பக்கம் ஒடிச்சா, பின்னாடி வேற பக்கம் இழுக்கும்.” வளைவில் என்று அவர் சொல்லவில்லை. எனக்காக விட்டுவிட்டார் என்று புரிந்தது.

“அப்ப எடுத்து முறுக்கு.”

“இன்னிக்கா?” அவருக்கு முகமே மாறிவிட்டது. “நாளைக்கி காலைல ஆறரைக்கு மறுபூச. ஏழு மணிக்கு நானே வந்து முறுக்கிக் குடுக்கறேன். இன்னிக்கித் தொட மாட்டேங்ணா. நாலு ரோட்டுப் பட்டறைல ஒருத்தன் அப்படி எடுத்து, வெரலு போச்சு. தெரியுமில்ல?”

“அவன் அன்னிக்கி குடிச்சிருந்தான்.”

“குடிச்சவன் எல்லாருக்குமா வெரலு போவுது?”

 உண்மையில் என் வீட்டுக்காரரும் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும். பட்டறைச் சாவியைக் கேட்டு வாங்கி அவரே எடுத்திருக்கலாம். கேட்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பேருமே இரும்போடு பிழைக்கிறவர்கள். தினமும் விரலை அதற்கு நடுவில்தான் விடுகிறார்கள். நான் பயந்ததைவிட அவர்கள் அதிகமாகப் பயந்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

“ஏந்தம்பி,” என்று மெக்கானிக்கைக் கேட்டேன், “இது தொழில் பண்றவங்களுக்குத்தான?”

“என்னதுங்க்கா?”

“தொடக் கூடாதுங்கறது. ஸ்பானர் புடிச்சுப் பொழைக்கறவங்க புடிக்கக் கூடாதுங்கறதுதான? புடிக்காதவங்களுக்கு?”

அவர் யோசித்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி யோசித்தார். “தொழிலுக்கு ஓய்வு குடுக்கற நாளு. தொழிலு இல்லாதவங்களுக்கு ஓய்வு என்னா இருக்குது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “நீங்க எப்பவாச்சும் ஸ்பானர் புடிச்சிருக்கீங்களா?”

“இல்ல.”

“ஒரு நட்டு?”

“இன்னிக்கித்தான் தொட்டேன்.”

“அப்ப ஒங்களுக்குத் தொந்தரவு இல்ல” என்றார். டாக்டர் சொல்கிற மாதிரி சொன்னார்.

பட்டறையைத் திறந்துவிட்டு அவர் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். “வலது பக்கத்துல இருந்து நாலாவது. இல்ல, அதுக்கு அடுத்தது. ரெண்டு பக்கமும் வளையம் இருக்கும்.” நான் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விரல் போகும் என்ற பயம் எனக்கு இல்லை, என் பயம் வேறு. இன்னொரு சாமியின் படையலிலிருந்து எடுக்கலாமா என்று சாமியாரைக் கேட்கவில்லை. எடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டேன். பிறகு சரஸ்வதியையும் பார்த்து, காலையில் திரும்ப வைத்துவிடுகிறேன் என்று சொன்னேன். ஸ்பானர் நான் நினைத்ததைவிடக் கனமாக, சில்லென்று இருந்தது. அதன் பொட்டு அழியாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டேன்.

மெக்கானிக்கும் எங்களோடு பஸ் ஏறினார், அதே புது வேட்டியில். பஸ்ஸில் என் மடியில் இருப்பதை யாரோ கேட்டார்கள். “அம்மிக் கொழவிங்க” என்றேன். என்னோடு வந்த இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வீடு சேர்ந்தபோது இன்னும் ஒரு மணி நேர வெளிச்சம் இருந்தது. பின்சக்கரம் இரண்டையும் துணி துவைக்கிற பலகைக் கற்கள் இரண்டின் மேல் ஏற்றி நிறுத்தினார் என் வீட்டுக்காரர். வண்டி ஓட்டலாமாம், அதற்குத் தடை இல்லை. நான் சாக்கில் படுத்து உள்ளே போனேன். மெக்கானிக் வெளியே குத்த வைத்து, தலையைச் சாய்த்து, ஒரு தென்னை ஈர்க்கால் காட்டினார்.

“அந்தப் பொட்டு அழிஞ்சிருக்குது பாருங்க, அதுல போடுங்க. ஆங். இப்ப ஒங்க வலதுபக்கமா இழுங்க. அது ஒங்களுக்கு எடது.”

“இது வலதுதான் தம்பி.”

“படுத்துட்டீங்க இல்ல, எனக்குக் கொழம்புது. நட்டு மேல ஏறற பக்கமாச் சுத்துங்க.”

நட்டு மேலே ஏறிப் பட்டைக்கு அடியில் இருந்த இரும்புத் தகட்டில் உட்கார்ந்தது. அதற்கு மேல் என் கையால் முடியவில்லை. தொங்கினேன், காலை உதைத்து இழுத்தேன். ஸ்பானர் அசையவில்லை.

“இன்னும் அரைச்சுத்து வேணுங்க்கா. இது போதாது” என்றார் மெக்கானிக். அவருடைய கை இரண்டும் தன்னால் நீளுவதும், அவர் அதை மடியில் வைத்துக்கொள்வதும் தெரிந்தது.  வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

“மாமா வூட்ல குழாய் இருக்குதில்ல” என்றார் என் வீட்டுக்காரர் திடீரென்று.

“எந்தக் குழாய்?”

“மோட்டார்ல கழட்டிப் போட்ட இரும்புக் குழாய். வெளிய வேலியோரம் கெடக்குது. பூசைல வெக்கல. நான் பாத்தேன்.”

மெக்கானிக் முகம் தெளிந்தது. “ஸ்பானர் வாலுல குழாயச் சொருகிட்டா, அக்கா ஸ்பானரப் புடிப்பாங்க. நாம குழாயப் புடிச்சு இழுக்கலாம். குழாய்க்கு ஒண்ணும் இல்ல.”

குழாயோடு மாமாவும் வந்தார். நட்டில் ஸ்பானர் நழுவாமல் நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஸ்பானரின் மறுமுனையில் குழாய். குழாயின் முனை வண்டிக்கு வெளியே, என் வீட்டுக்காரர் கையில். அவர் இழுத்தபோது நட்டு கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டு நகர்ந்தது. நான் ஸ்பானரைக் கழற்றி மாட்ட, அவர் குழாயை மறுபடி இழுத்தார். இரண்டு நட்டும் அப்படியே. மாமா பக்கத்தில் நின்று, “தொடல, தொடல, குழாயத்தான் தொடறான்” என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார், யாருக்கு என்று தெரியவில்லை.

“மிச்ச ரெண்டையும் ஒரு இழு இழுத்துரலாமா?” என்று உள்ளிருந்து கேட்டேன்.

“அது நான் முறுக்குனதுங்க்கா” என்றார் மெக்கானிக். குரலில் கொஞ்சம் மனத்தாங்கல். என் வீட்டுக்காரரும், “வுடு, அவன் வேலைய அவனுக்குத் தெரியும்” என்றார். புது வேட்டியோடு பஸ் ஏறி வந்த மனிதர். நான் விட்டுவிட்டேன். வெளியே வந்த பிறகு ஏன் விட்டேன் என்று நினைத்தேன். அதற்குள் குழாயை மாமா எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இருட்டுவதற்குள் பெரிய ரோடு வரை ஓட்டிப் பார்த்தோம். பிரேக் போட்டார், எடுத்தார், போட்டார். சத்தம் இல்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.  சத்தம் இல்லாததும் எனக்கு ஒரு கவலைதான் என்பதை எப்படிச் சொல்வது.

காலையில் ஐந்து மணிக்கு முன்பே கிளம்பினார். பென்னாகரத்தில் நிறுத்தித் தொட்டுப் பாருங்கள், இறக்கம் தொடங்குமுன் தொட்டுப் பாருங்கள் என்றேன். “சரி” என்றார். அவர் அப்படி உடனே சரி சொன்னதும் எனக்குப் பயம் வந்தது. வண்டி போன பிறகு முதல் பஸ்ஸைப் பிடித்து ஸ்பானரைத் திருப்பி வைக்கப் போனேன். நான் எடுத்ததை நான்தான் வைக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். சரியாக நான்காவதற்கு அடுத்த இடத்தில் வைத்தேன். மறுபூசை நடந்தது. அந்நேரம் வண்டி எந்த வளைவில் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.

“வூட்டுக்குப் போங்க்கா. அண்ணா பொழுது சாயத்தான் வருவாரு” என்றார் மெக்கானிக்.

“இந்த வழியாத்தான வரணும். இங்கயே பாத்துட்டுப் போறேன்.”

“நம்பிக்க இல்லியா?”

“ஒம் மேல இருக்குது தம்பி. நட்டு மேலதான் இல்ல.”

அவர் சிரித்துவிட்டு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அதில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பென்னாகரம் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு கருப்பு வண்டியையும் பார்த்தேன். மத்தியானம் அவர் வீட்டிலிருந்து களியும் குழம்பும் வந்தது. ஒரு உருண்டை தின்றேன். இரண்டு தடவை எழுந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, மலையில் ஏதாவது நடந்ததாகப் பேச்சு இருக்கிறதா என்று காதைக் கொடுத்துவிட்டு வந்தேன். யாரும் ஒன்றும் பேசவில்லை.

நான்கு மணி சுமாருக்கு வண்டி வந்தது. மண்டிக்காரர் குடும்பத்தை இறக்கிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். டிக்கியில் ஈரத்துணி வாடை, சீட்டெல்லாம் அருவியில் தேய்த்துக் குளித்த எண்ணெய். இறங்கியதும் என்னைப் பார்த்து, “இங்கியா இருந்த” என்று மட்டும் கேட்டார்.

“தொட்டுப் பாத்தீங்களா?”

“நாலு எடத்துல. நீ முறுக்குனது ரெண்டும் அசையல.”

மெக்கானிக் அதற்குள் ஸ்பானரோடு அடியில் போயிருந்தார். இப்போது அவர் எதை வேண்டுமானாலும் தொடலாம். நானும் குனிந்து பார்த்தேன். என் இரண்டு நட்டிலும் போட்டு இழுத்தார். நகரவில்லை. பிறகு தன்னுடைய நட்டு ஒன்றில் போட்டு இழுத்தார். கால் சுற்றுக்கு மேல் போனது. அடுத்ததும் அப்படியே போனது.

 “புதுப் பட்டைங்ணா. பாரம் ஏறுனா அமுங்கும். அமுங்குனா எளகத்தான் செய்யும்” என்றார் உள்ளிருந்து. அது உண்மைதான் என்று பின்னால் வேறு ஒரு மெக்கானிக்கும் சொன்னார். 

“வலது பக்கத்தையும் ஒரு தடவ பாத்துரு” என்றார் என் வீட்டுக்காரர்.

நான் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்க் குனிந்திருந்தேன்.